கோடு விழாத சனிக்கிழமை

அந்த வருடம் எங்கள் சமையலறை நாட்காட்டியில் குறுக்குக்கோடு விழாத சனிக்கிழமை ஒன்றுதான் இருந்தது. நாட்காட்டி தேவாலயத்தில் கொடுத்தது. கோடுகள் நான் போட்டவை. நோன்பு மாதம் முழுவதையும் அடித்திருந்தேன். பெருநாளுக்குப் பிறகு வரும் வாரங்களையும் அடித்திருந்தேன், ஏனென்றால் வாசிக்க வேண்டிய குழுக்களில் பாதி மலாய் இளைஞர்கள், அப்போது அவர்கள் கம்பத்தில், சொந்தக் கிராமத்தில், இருப்பார்கள். சீனப் புத்தாண்டு, பரீட்சை வாரங்கள், மழை மாதங்கள், கமுந்திங் தொழிற்சாலையில் என் கணவருக்குச் சனிக்கிழமை ஷிப்ட் விழும் வாரங்கள் எல்லாம் போயின. மகளுக்குப் பதினெட்டாம் மாதத் தடுப்பூசி போடும் நாளையும், அதன் பின் காய்ச்சல் வரக்கூடிய இரண்டு நாட்களையும் இரட்டைக் கோடு போட்டு அடித்திருந்தேன். மிஞ்சியது பள்ளி விடுமுறையின் நடுவில் வரும் ஒரு சனிக்கிழமை. அன்று பீடோருக்குப் பக்கத்தில் ஒரு பழைய ரப்பர் தோட்டத்துத் திடலில், பகலில் தொடங்கி இரவு வரை பன்னிரண்டு குழுக்கள் வாசிக்கும் ராக் இசை விழா நடத்துவது என்று முடிவு செய்தேன்.

அதற்கு முன் நான் நடத்தியவை சிறியவை. திருமணத்துக்கு முன்பு ஈப்போ பழைய நகரத்தில் ஒரு கடைவீட்டின் மாடியை மாதம் ஒருமுறை எடுத்து மூன்று குழுக்களை வாசிக்க வைப்பேன். எண்பது பேர் வருவார்கள். நூறைத் தாண்டினால் பழைய மரத்தரையை நினைத்துக் கதவை மூடிவிடுவேன். எனக்கு எந்தக் கருவியும் வாசிக்கத் தெரியாது. யார் எத்தனை மணிக்கு மேடையேறுவது, யாருடைய ஆம்ப்ளிஃபையர் யாருடைய வண்டியில் வருகிறது, அவசர வழிக்குக் குறுக்கே யாராவது கிட்டார் பெட்டியை வைத்திருக்கிறார்களா என்று பார்ப்பதுதான் என் வேலை. மகள் பிறந்ததும் நிறுத்தினேன். யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

திடலைப் பற்றிச் செய்தி கொண்டுவந்தவர், அந்த மாடி நாட்களிலிருந்து கூட இருக்கும் டிரம்மர். செட்டிநாட்டுக் குடும்பத்தைச் சேர்ந்தவர். ஈப்போவில் அவர்களுக்கு அச்சுக்கடை இருக்கிறது. பகலில் கல்யாணப் பத்திரிகை அடிப்பார், மாலையில் டிரம்ஸ் வாசிப்பார். நான் அண்ணே என்று கூப்பிடுவேன். ஒருநாள் லகாட்டில் எங்கள் வீட்டுக்கு வந்தவர், மகள் அவருடைய கார் சாவியை வாயில் வைத்து, நான் பிடுங்கி, அவள் அழுது முடியும் வரை பொறுத்திருந்து, பிறகு சொன்னார். அந்தத் தோட்டத்தில் தொழிலாளர் குடியிருந்த லயங்களை இடித்துவிட்டார்கள். ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது. சனங்கள் டவுனுக்குப் போய்விட்டார்கள். மாரியம்மன் கோவிலும் அதன் முன்னால் பந்து விளையாடும் திடலும் மட்டும் அப்படியே கிடக்கின்றன. சத்தம் என்று புகார் கொடுக்கச் சுற்றிலும் ஆள் கிடையாது.

மறுநாளே போய்ப் பார்த்தேன். மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு திடலை இரண்டு முறை சுற்றினேன். அரசு கிளினிக்குக்குக் காரில் எத்தனை நிமிடம் என்று ஓட்டிப் பார்த்தேன். ஒன்பது. திரும்பி வரும்போது பத்து, வழியில் ஒரு டிராக்டர் நின்றதால்.

நிலம் தோட்ட நிறுவனத்துடையது. அவர்களுடைய அலுவலர் தொலைபேசியில் மரியாதையாகவே பேசினார். திடலை இப்போது கோவில்காரர்கள்தான் பயன்படுத்துகிறார்கள். கோவில் நிர்வாகம் ஆட்சேபனை இல்லை என்று ஒரு கடிதம் கொடுத்தால் போதும், தாங்களும் கொடுத்துவிடுவார்கள் என்றார். அதற்குப் பிறகுதான் போலீசுக்கும் மாவட்ட மன்றத்துக்கும் விண்ணப்பம் போட முடியும். ஆக, எல்லாம் கோவிலின் அந்த ஒரு கடிதத்தில் நின்றது.

கடிதத்தைக் கேட்பதற்கு முன் நான் குழுக்களிடம் தேதியைச் சொல்லிவிட்டேன். எதையும் இரண்டு தடவை சரிபார்க்கும் நான் இதை ஏன் செய்தேன் என்று பிறகு பலமுறை யோசித்திருக்கிறேன். நாட்காட்டி அவ்வளவு தெளிவாக இருந்தது, அவ்வளவுதான். பன்னிரண்டு குழுக்களும் இரண்டே நாளில் சரி என்றன. எந்தத் தேதி கேட்டாலும் முடியாது என்று சொல்லும் பினாங்குக் குழுகூட வேலையில் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டது. அண்ணன் சுவரொட்டி அடித்துவிட்டார், முந்நூறு தாள், கறுப்பும் ஆரஞ்சும்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் தேவாலயத்திலிருந்து நேராகத் தோட்டத்துக்குப் போனோம். கணவருக்கு அன்று வேலை. மகள் பின்னிருக்கையில் தூங்கிக்கொண்டிருந்தாள், அண்ணன் முன்னால் உட்கார்ந்திருந்தார். கோவில் தலைவர் திடலின் ஓரத்தில் இயந்திரத்தால் புல் வெட்டிக்கொண்டிருந்தார். தோட்டத்து லோரி ஓட்டி ஓய்வு பெற்றவர். இப்போது பீடோரில் மகன் வீட்டில் இருக்கிறார், ஞாயிறுதோறும் விளக்கேற்ற வருவார் என்று அண்ணன் விசாரித்து வைத்திருந்தார். எங்களைப் பார்த்ததும் இயந்திரத்தை அணைத்துவிட்டு, கோவில் கொட்டகையிலிருந்து பிளாஸ்டிக் நாற்காலிகளை இழுத்துப் போட்டார். பிற்பகல் மூன்று மணிக்கு நிர்வாகக் கூட்டம் இருப்பதாகவும் அதற்காகத்தான் இடத்தைச் சுத்தம் செய்வதாகவும் சொன்னார். பிறகு கையைக் கழுவி வந்து, நான் கொடுத்த விழாத் திட்டக் கோப்பை மடியில் வைத்துக்கொண்டார்.

அவர் படித்த விதம் எனக்குப் பிடித்திருந்தது. ஒரு பக்கத்தையும் விடவில்லை. கழிப்பறை எத்தனை, குப்பையை யார் அள்ளுவது, கார்கள் எந்தப் பக்கம் நிற்கும் என்று கேட்டார். பீர் விற்பீர்களா என்று கேட்டார், இல்லை என்றேன். நேர அட்டவணைக்கு வந்ததும் விரலை ஓரிடத்தில் வைத்தார்.

"ஏழேகாலுக்கு அரை மணி நேரம் சும்மா விட்டிருக்கியே, ஏம்மா?"

"மக்ரிப் தொழுகை நேரம் ஐயா. பாதிப் பேர் மலாய்ப் பசங்க. அந்த நேரம் ஒரு சத்தமும் இருக்காது."

"அதுதான் எங்களுக்கு விளக்கு நேரம்." தலையை ஆட்டிக்கொண்டார். "நல்லாப் போட்டிருக்க."

அந்த நிமிடம் கடிதம் கிடைத்துவிட்டது என்றே நினைத்தேன். அட்டவணைக்கு மேலே எழுதியிருந்த தேதியை அவர் அப்போதுதான் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

"இந்தத் தேதியை யாரு பார்த்துக் குடுத்தது?"

நானே பார்த்தேன் என்றேன். எப்படிப் பார்த்தாய் என்று கேட்டார். நோன்பு, பெருநாள், மழை, பரீட்சை என்று சொல்லிக்கொண்டே வந்து, கடைசியில் பள்ளி விடுமுறை, அப்போதுதான் வெளியூரில் இருப்பவர்களும் வர முடியும் என்றேன். அவர் சிரிக்கவில்லை.

"நாங்களும் அப்படித்தாம்மா பார்த்தோம். அன்னைக்குத்தான் பால்குடம்."

முன்பு சனங்கள் இங்கேயே இருந்தபோது திருவிழா சித்திரைப் பௌர்ணமியில் நடந்ததாம். எல்லோரும் கிள்ளானுக்கும் ஜொகூருக்கும் சிங்கப்பூருக்கும் போன பிறகு, பிள்ளைகளுக்கு லீவு இல்லாத நாளில் நடத்தினால் காவடி தூக்க ஆள் இல்லை. அதனால் சில வருடங்களாக நிர்வாகம் பள்ளிக்கூட நாட்காட்டியை எடுத்து வைத்துக்கொண்டு, மழையையும் நோன்பையும் தள்ளிவிட்டு, தேதி குறிக்கிறது. என்னைப் போலவே. ஒரே கணக்கை இரண்டு பேர் போட்டால் ஒரே விடைதான் வரும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. தேவாலய நாட்காட்டியில் தோட்டத்துத் திருவிழா போட்டிருக்காது. அதையாவது யோசித்திருக்க வேண்டும்.

தலைவர் அண்ணன் பக்கம் திரும்பினார். "நீ சாமி கும்பிடுறவன்தானே தம்பி? உனக்குமா தெரியல?"

"எங்க வீட்டுல தைப்பூசத்தோட சரிண்ணே. தோட்டத்துப் பக்கம் வந்ததில்ல."

"அச்சுக்கடை வச்சிருக்கேங்கிற. ஒரு திருவிழா நோட்டீஸ்கூடவா கண்ணுல படல?"

"நீங்க பீடோர்ல அடிக்கிறீங்க போலிருக்கு. எங்கக்கிட்ட குடுத்திருந்தா தெரிஞ்சிருக்கும்லா."

தலைவர் இப்போது சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. திருவிழா நாட்களில் ஒரு காலை நேரம் மட்டுமாவது முடியுமா என்று நான் கேட்டேன். கேட்ட பிறகுதான் எதைக் கேட்டோம் என்று புரிந்தது.

"காப்புக் கட்டிட்டா பத்து நாளைக்கு இந்த எல்லையில அம்மாவுக்குக் கொட்டுற கொட்டுதான். வேற கொட்டு விழக் கூடாது." கோபமாகச் சொல்லவில்லை. தெரியாதவளுக்குச் சொல்வது போலச் சொன்னார். பிறகு, இந்தப் பக்கத்தில் யாரைக் கண்டாலும் எல்லோரும் கேட்பதைக் கேட்டார். "நீ எந்தத் தோட்டம்?"

அம்மாவின் குடும்பம் பக்கத்துத் தோட்டம் என்றேன். மாதா கோவில் லயமா என்றார். ஆமாம் என்றேன். அப்படியானால் உன் அம்மாவுக்குத் தெரிந்திருக்குமே என்றார்.

மகள் விழித்து அழும் சத்தம் காரிலிருந்து கேட்டது. தூக்கிக்கொண்டு வருவதற்குள் அவர்கள் இருவரும் ஏதோ பேசியிருந்தார்கள். தலைவர் ஒரு வழி சொன்னார். காப்பு அவிழ்ப்பது பால்குடத்துக்கு அடுத்த வாரம். அதற்கடுத்த சனிக்கிழமை, அதாவது நான் குறித்த நாளிலிருந்து சரியாக இரண்டு வாரம் கழித்து, திடல் காலிதான். புல் வெட்டியிருக்கும். கூடாரக்காரரிடம் சொன்னால் திருவிழாவுக்குப் போடும் பெரிய கூடாரத்தைப் பிரிக்காமல் விடுவார். ஆனால் நிர்வாகிகள் ஆளுக்கொரு ஊரில் இருக்கிறார்கள். இன்று மூன்று மணிக்குக் கூடினால், மறுபடி கூடுவது காப்புக் கட்டும் நாளில்தான். வேண்டுமா வேண்டாமா என்று இப்போதே சொன்னால் இன்றைக்கே கூட்டத்தில் வைப்பேன் என்றார்.

அந்தச் சனிக்கிழமையில் என் நாட்காட்டியில் கோடுகள் இருந்தன. விடுமுறை முடிந்து பள்ளி திறந்திருக்கும். கணவருக்கு ஷிப்ட். தடுப்பூசி அதற்கு முந்திய நாள். கணவரை அழைத்தேன், தொழிற்சாலைக்குள் கைப்பேசி எடுத்துப்போக முடியாது என்று தெரிந்தும் மூன்று முறை அழைத்தேன். அண்ணனைப் பார்த்தேன்.

"நான் டிரம்ஸ் வாசிக்கிறவன். நாள் குறிக்கிறது நீதான்," என்றார்.

கேட்டு வந்து சொல்கிறேன், யோசித்து வந்து சொல்கிறேன் என்று பல காரியங்களை நான் நழுவ விட்டிருக்கிறேன். தலைவர் கையில் கோப்பை வைத்துக்கொண்டு அவசரப்படுத்தாமல் உட்கார்ந்திருந்தார். மகள் அவருடைய புல் வெட்டும் இயந்திரத்தை நோக்கி நடக்கப் பார்த்தாள். அவளை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையால் கோப்பில் இருந்த தேதியை அடித்து, பக்கத்தில் புதிய தேதியை எழுதினேன். கையெழுத்து கோணலாக இருந்தது. அதை மறுபடி எழுதிக் கொண்டுவரட்டுமா என்று கேட்டதற்கு, தேவையில்லை என்று சொல்லிவிட்டார்.

அன்று மாலையே குழுக்களை ஒவ்வொன்றாக அழைத்தேன். நான்கு குழுக்கள் விலகின, பினாங்குக் குழு முதலில். அவர்களுடைய பாடகர் கோபப்படவில்லை. உங்களிடம் இதை எதிர்பார்க்கவில்லை அக்கா என்று மட்டும் சொன்னார். கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். கணவர் தன் ஷிப்டை ஒரு நண்பரோடு மாற்றிக்கொண்டார். கிளினிக்கில் தடுப்பூசித் தேதியைத் தள்ளிவைக்கக் காரணமெல்லாம் எழுதிக் கொண்டுபோனேன். தாதி நான் பேச ஆரம்பிக்கும் முன்பே மலாயில் போலே, முடியும் என்று சொல்லி, புத்தகத்தில் அடித்து வேறு தேதி எழுதிவிட்டார். அரை நிமிடம்கூட ஆகவில்லை. நான் இரட்டைக் கோடு போட்டிருந்த ஒரே விஷயம் அதுதான்.

அம்மாவிடம் சொன்னேன். வியாழக்கிழமைகளில் மகளைப் பார்த்துக்கொள்வது அவர்தான். நான் தேதி தேடிய வாரங்களில் அந்த நாட்காட்டிக்குக் கீழேதான் உட்கார்ந்து அவளுக்குச் சோறு ஊட்டினார்.

"ஸ்கூல் லீவுலதானே அந்தத் திருவிழா. எல்லாருக்கும் தெரியுமே," என்றார்.

"ஏம்மா சொல்லல?"

"நீ எங்க நடத்தப்போறேன்னு என்கிட்ட சொன்னியா?"

சொல்லவில்லை. கைக்குழந்தையை வைத்துக்கொண்டு இதெல்லாம் தேவையா என்று கேட்பாரோ என்று பயந்து, ஏதோ நிகழ்ச்சி என்று மட்டும் சொல்லி வைத்திருந்தேன். அவர் அப்படிக் கேட்கவும் இல்லை. யார் குழந்தையைப் பார்த்துக்கொள்வது, நானா என்றுதான் கேட்டார்.

சுவரொட்டிகளை வீணாக்க வேண்டாம் என்று அண்ணன் புதிய தேதியைச் சின்னச் சின்னத் துண்டுகளாக அடித்துக் கொண்டுவந்தார். எங்கள் கூடத்தில் உட்கார்ந்து முந்நூறையும் ஒட்டினோம். விலகிய நான்கு குழுக்களின் பெயர்கள் மீதும் துண்டுகள். வெளிச்சத்தில் பிடித்தால் பழைய தேதி அடியில் தெரிந்தது. அண்ணன் யாரும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கமாட்டார்கள் என்றார். நான் பத்துப் பதினைந்தைப் பிடித்துப் பார்த்தேன்.

கூட்டத்தில் யாரும் மறுக்கவில்லை என்று தலைவர் அந்த ஞாயிறன்றே தொலைபேசியில் சொல்லியிருந்தார். ஆனால் கடிதம் வரவில்லை. செயலாளர் கிள்ளானில் இருக்கிறார், முத்திரை அவரிடம் இருக்கிறது என்றார்கள். ஒவ்வொரு வாரமும் அழைத்தேன். வாரங்கள் போகப் போக, கடிதம் வராது என்றே நம்ப ஆரம்பித்தேன். மூன்றாவது முறை தலைவர், பால்குடத்தன்று செயலாளர் வருவார், நீயும் வா, எத்தனை கார் வருகிறது, எங்கே சேறாகிறது என்று பார்த்துக்கொள்ளலாம் என்றார்.

அந்தச் சனிக்கிழமை போனேன். நாட்காட்டியில் கோடு விழாத அதே சனிக்கிழமை. கணவர் மகளைத் தூக்கிக்கொண்டார். சத்தம் தடுக்க அவளுடைய காதுக்கு வாங்கி வைத்திருந்த உறையை மாட்டினேன். பால்குட ஊர்வலத்துக்கு முன்னால் உறுமி அடித்துக்கொண்டு வந்தார்கள். கைப்பேசியில் சத்தத்தை அளந்து பார்த்தேன். ஈப்போ மாடியில் எந்தக் குழுவும் அந்த அளவைத் தொட்டதில்லை. மகள் உறையைப் பிடுங்கி எறிந்துவிட்டு அப்பாவின் தோளில் குதித்தாள். நான் குனிந்து அதைத் தேடி எடுத்து, துடைத்து, மறுபடி மாட்டினேன். அவள் மறுபடி எறிந்தாள். கிழக்கு ஓரத்தில் கார்கள் சேற்றில் மாட்டுவதைக் குறித்துக்கொண்டேன். கழிப்பறைக்கு முன் பெண்களின் வரிசை மிக நீளமாக இருந்தது. என் திட்டத்தில் இன்னும் இரண்டு சேர்த்தேன்.

தலைவர் மஞ்சள் வேட்டியில் கூட்டத்துக்குள்ளிருந்து வந்தார். செயலாளர் அவர் பின்னால், கையில் முத்திரைப் பெட்டியோடு. கோவில் சுவரில் தாளை வைத்து முத்திரையை அழுத்திக் கொடுத்தார்கள். தேதி சரியாக இருக்கிறதா என்று நான்கு முறை படித்தேன்.

"சரியாத்தாம்மா இருக்கு," என்றார் தலைவர். "போய்ச் சோறு சாப்பிடு."

கடிதத்தை மகளுடைய தடுப்பூசிப் புத்தகத்துக்குள் வைத்தேன். வீட்டில் நான் இதுவரை தொலைக்காத தாள்கள் அதில்தான் இருக்கின்றன. பிறகு சாப்பாட்டு வரிசையில் நின்றோம். எங்களுக்கு முன்னால் நின்றவர் கூடாரக்காரர் என்று தெரிந்ததும், அந்தப் பெரிய கூடாரத்தின் கம்பங்களுக்கு இடையில் எத்தனை அடி என்று கேட்டேன்.