புளி அறையில் நான் பிடித்த கை

நம்பச் சொல்லி யாரையும் நான் கேட்கவில்லை. ஆனால் இது நடந்தது. அன்று கட்டியிருந்த சேலையைச் சோடா போட்டு எத்தனையோ முறை துவைத்தேன். நாற்றம் போகவில்லை. கடைசியில் எரித்துவிட்டேன். எரியும்போதும் நாறியது.

படவேட்டுக்கு மேலே, மலையில் எங்கள் ஊர். சாமை, புளி, கொஞ்சம் ஆடு. என் வீட்டுக்காரர் இளவரசன் குடியை விட்டு அப்போது மூன்று மாதம் ஆகியிருந்தது. அதற்கு முன்னால் வருஷக்கணக்கில் நான் வாரியதெல்லாம் வாந்திதான். பாயில், சோற்றுத் தட்டில், ஒருமுறை என் தலைமுடியில். குடிகாரன் வாந்தி எப்படி நாறும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். இப்போது எழுதும்போதும் குமட்டுகிறது.

கீழே டவுனில்தான் வைத்தியம் பார்த்தோம். அங்கே ஜூடி என்று ஓர் அம்மா, குடும்பத்தாரை உட்காரவைத்துப் பேசுவார்.

"இது திமிர் இல்லம்மா, நோய்," என்றார். "குடிக்கணும்னு வெறி வரும். காய்ச்சல் மாதிரி ஏறும், அப்புறம் எறங்கிடும். அதுவரைக்கும் பக்கத்துல ஒருத்தர் உக்காந்திருங்க. திட்டாதீங்க. ரூம்ல போட்டுப் பூட்டாதீங்க. ரொம்ப நாள் குடிச்சவங்கள வைத்தியம் இல்லாம திடீர்னு நிறுத்தினா வலிப்பு வந்து உசுரே போய்டும்."

என் மாமியார் கன்னியம்மாளும் கூட வந்திருந்தார். அந்தக் கடைசி வார்த்தையைக் கேட்டதும் எழுந்து வெளியே போய்விட்டார். வெயிலில் தனியாக நின்றார். எனக்கு அப்போது ஒன்றும் தோன்றவில்லை.

இது நடந்தது ஐப்பசியில், என் மாமனார் தாண்டவராயன் செத்த திதியில். குடித்துக் குடித்தே செத்தார் என்றுதான் எனக்குச் சொல்லியிருந்தார்கள். எனக்குக் கல்யாணம் ஆகும் முன்பே போய்விட்டார். அப்போது என் வீட்டுக்காரர் கர்நாடகாவில் காபித் தோட்ட வேலையில் இருந்தாராம். படையலில் செத்தவருக்குப் பிடித்ததை வைப்பது வழக்கம். கோழிக்குழம்பு, பீடி... அதோடு மாமியார் ஒரு குவாட்டர் பாட்டிலையும் கொண்டுவந்து வைத்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"மூணு மாசமா உங்க புள்ள தொடல அத்த. வூட்டுக்குள்ள இத்த கொண்டாந்து வெக்கிறீங்களே?"

"உம்புருஷனுக்கா வெக்கிறேன்? செத்தவருக்குத் தாண்டி. வெக்கலன்னா கேட்டு வருவாரு."

சொல்லிவிட்டுப் பங்காளிகளைக் கூப்பிடப் போய்விட்டார். இவர் மாத்திரை வாங்கக் கீழே போயிருந்தார். வருவதற்குள் பாட்டிலை எடுத்துப்போய், பின்னால் இருக்கும் குப்பைக்குழியில் கவிழ்த்தேன். மூக்கைப் பொத்திக்கொண்டுதான். சனியன் ஒழிந்தது என்று கையைக் கழுவினேன்.

மணி ஆறே முக்கால். மழை பிடித்தது. கரண்ட் போனது.

குப்பைக்குழிப் பக்கம் ஒரு சத்தம். சளப்... சளப்... நாய் கஞ்சி நக்குவது போல.

"ச்சீ, போ!" என்று கத்தினேன். நின்றது.

பிறகு பின்வாசலில் ஈரக்கால் வைக்கும் சத்தம். புளி அறைக் கதவு முனகியது.

புளி மூட்டைகளைப் போட்டு வைக்கும் சின்ன அறை அது. ஜன்னல் கிடையாது. அந்த வருஷத்துப் புளியைச் சித்திரையிலேயே விற்றாகிவிட்டது. நானே கழுவி விட்டிருந்தேன். உள்ளே வெறுந்தரைதான்.

இவர்தான் வந்துவிட்டார் என்று நினைத்தேன். கூப்பிடாமல் பின்வழியாக வந்து இருட்டில் போய் உட்கார்ந்தால் என்ன அர்த்தம்? வெறி வந்துவிட்டது. குப்பைக்குழியில் நக்கியது... ச்சே. மூன்று மாதமும் போச்சா?

செல்போன் டார்ச்சைப் போட்டுக்கொண்டு உள்ளே போனேன். மூலையில் சுவரைப் பார்த்துக் குந்தியிருந்தார். தலையில் துண்டு. உடம்பெல்லாம் நடுக்கம்.

"வெளக்க அணை..." தொண்டை கட்டிய குரல்.

குடியை விட்ட புதிதில் இவருக்கு வெளிச்சம் ஆகாது. டார்ச்சை அணைத்து, போனை இடுப்பில் செருகினேன்.

"குடு."

"இல்லீங்க. கொட்டிட்டேன்."

"கொஞ்சூண்டு..."

நாற்றம் அடித்தது. எனக்குத் தெரிந்த அதே நாற்றம். அதற்கு அடியில் வேறொன்று... எலி செத்து நாள்பட்டது போல. எழுந்து ஓடிவிடத் தோன்றியது. திட்டவும் வாய் வந்தது. ஜூடியம்மா சொன்னதை நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். கையைப் பிடித்தேன்.

ஜில்லென்று இருந்தது. மழையில் நனைந்த கைதானே...

என் மடியில் கவிழ்ந்து வாந்தி எடுத்தார். கொழகொழவென்று தொடை வரை இறங்கியது.

ஆனால் சூடு இல்லை. வாந்தி சூடாக இருக்கும். எனக்குத் தெரியும்.

நகம் என் மணிக்கட்டில் குத்தியது. நீள நகம். இவர் நகத்தைக் கடித்துத் துப்புகிறவர்...

இடுப்பில் போன் அடித்தது. எடுத்தேன். திரையில் என் வீட்டுக்காரர் படம்.

"தேவயானி... சந்தவாசல்ல மாட்டிக்கினேன். மேல வர்ற வேன் இல்ல. எதிர்லயே கடை. கை நடுங்குது. ஏதாச்சும் பேசிக்கினே இரு. நீ வெச்சிட்டா உள்ள போய்டுவேன்."

சந்தவாசலில் இருக்கிறார்.

அப்படியென்றால்... என் கையைப் பிடித்திருப்பது...

கத்த வாயைத் திறந்தேன். நான் அலறினால் அங்கே அவர் உடைந்துபோவார். நேராகக் கடைக்குள் போவார்.

பிடி இறுகியது.

"போவாத..."

"உக்காருங்க," என்றேன். "நான் இருக்கறேன். எங்கயும் போவல. ஏறும்... அப்பறம் எறங்கிடும்."

"எறங்குமா?" போனில் அவர்.

"எறங்குமா..." இன்னொரு காதோரம், அது.

"எறங்கிடும்."

அதன் மூச்சு கழுத்தில் பட்டது. வாய் வரை வந்ததை விழுங்கினேன். பேசினேன். வெள்ளாடு குட்டி போட்டதை. கோழிக்குழம்பை. திரும்பத் திரும்ப.

மடியில் வழிந்தது...

பேசினேன்.

"போய்டிச்சி," என்றார் போனில். குரல் தெளிந்திருந்தது. "பசிக்குது. தோ, வேன் வருது. வர்றேன்."

என் கை காலியாக இருந்தது.

கரண்ட் வந்தபோது மாமியார் அறை வாசலில் நின்றார். என் மடியைப் பார்த்தார். நானும் பார்த்தேன். கறுப்பாகக் கோழை. அதில் புளியங்கொட்டைகள். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"குடிச்சிச் சாவல உம்மாமனாரு," என்றார். "குடிய நிறுத்த வெக்கிறேன்னு நாந்தான் இந்த ரூம்ல போட்டுப் பூட்டினேன். வெல ஏறட்டும்னு அந்த வருஷம் புளிய விக்காம இங்கதான் போட்டிருந்தோம். ராவெல்லாம் கதவப் பிறாண்டினாரு. மொதல்ல சாராயம் கேட்டாரு. அப்பறம் அதக்கூடக் கேக்கல. 'பக்கத்துல வந்து உக்காருடி'ன்னு மட்டும் கேட்டாரு. நாத்தம் தாங்கல... நான் போவல. காலைல தொறந்தா வாயெல்லாம் புளி. கொட்டையோட."

கதவின் உள்பக்கம், தரையோரம் பார்த்தேன். பிறாண்டிய கோடுகள். அவ்வளவு நாளும் எலி என்றே நினைத்திருந்தேன்.

இவர் இன்றுவரை குடிக்கவில்லை. படையலில் பாட்டில் வைப்பதும் இல்லை. அந்த நாள் வந்தால், அந்தியில் மாமியார் புளி அறைக்குள் போய்த் தனியாக உட்காருகிறார். கதவைத் திறந்தே வைக்கிறோம்.

அவர் சேலையை நான்தான் துவைக்கிறேன். போன வருஷமும் மடியில் புளியங்கொட்டை இருந்தது.