நட்சத்திரம் பார்த்துச் சொன்ன பதில்

மூன்று வருஷம் இருக்கும். ஆவணி பிறந்த நேரம். தூத்துக்குடியில் எங்கள் வீட்டு மாடியை வாடகைக்கு விட்டிருந்தேன். என் வீட்டுக்காரர் கப்பலில் சம்பாதித்து அனுப்பிய பணத்தில் கட்டிய வீடு. வருஷத்தில் பாதி நாள் அவர் கடலில்தான், அதனால் அதிகாரம் முழுக்க என் கையில். எனக்கு வாயும் கொஞ்சம் நீளம். சுவரில் ஓர் ஆணி அடித்தால்கூட மாடியேறிப் போய்ச் சத்தம் போட்டுவிட்டுத்தான் இறங்குவேன்.

மாடியில் ஒரு கன்டெய்னர் லாரி டிரைவர், அவர் மனைவி, மனைவியின் அம்மா. ஐந்து வருஷமாக இருந்தார்கள். அந்த அம்மா மட்டும் என்னிடம் ஒருநாளும் திட்டு வாங்கியதில்லை. நான் மோட்டாரைப் போட்டுவிட்டு மறந்துவிடுவேன். "ஏளா, டேங்க் நெறஞ்சு ஊத்துது" என்று மேலேயிருந்து குரல் வரும்.

அந்த அம்மாவுக்கு வயிற்றில் புற்று. ஆஸ்பத்திரியில் ஒரு மாசம் பார்த்துவிட்டு, இனி வீட்டுக்குக் கூட்டிப் போங்கள் என்று சொல்லிவிட்டார்கள். மகள் நேரே என்னிடம் வந்தாள்.

"யக்கா, அம்மையைக் கூட்டிட்டு வாரோம். ரெண்டு நாளோ மூணு நாளோன்னு சொல்லுதாவ."

அவள் நிற்கும்போதே காலண்டரைப் பார்த்தேன். மறுநாள் அவிட்டம். அதிலிருந்து ஐந்து நட்சத்திரத்துக்கு அடைப்பு. அப்போது ஒரு உயிர் போனால் வீட்டை மாசக்கணக்கில் பூட்டிப்போட வேண்டும் என்பார்கள். ஆவணிக் கடைசியில் என் மகளுக்கு நிச்சயதார்த்தம், இதே வீட்டில்.

"தப்பா நெனக்காத. இங்கன வேண்டாம். சொந்தக்காரங்க வீட்டுக்கு எங்கயாவது கொண்டு போயிரு" என்றேன்.

சண்டை போடுவாள் என்று நினைத்தேன். "சரிக்கா" என்றாள். மேலே போய் ஒரு பாய், தலையணை, அம்மாவின் சேலை இரண்டு எடுத்துக்கொண்டு போய்விட்டாள். யாராக இருந்தாலும் இப்படித்தான் சொல்லியிருப்பார்கள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

ஸ்ரீவைகுண்டத்தில் தூரத்துச் சொந்தம் ஒருவர் வீட்டில் இடம் கொடுத்தார்கள். அவர்களும் உள்ளே விடவில்லை, கார் ஷெட்டில்தான். நான் பயந்த அவிட்டத்தில் அந்த அம்மா போகவில்லை. ஐந்து நட்சத்திரமும் கழிந்து, அடைப்பெல்லாம் விலகி, ஏழாம் நாள்தான் உயிர் பிரிந்தது.

மனசு கேட்காமல் துட்டி கேட்கப் போனேன். மகள் எனக்கு நாற்காலி எடுத்துப் போட்டாள். கோபமே இல்லாமல்தான் சொன்னாள்.

"எப்பளா வீட்டுக்குப் போவோம்னு அம்மை தெனமும் கேட்டாவ யக்கா. நிச்சயதார்த்தத்துக்கு வெள்ளையடிக்காவ, சுவரு காயட்டும்னு சொல்லி வச்சிருந்தேன். உங்களத் தப்பா நெனச்சிரக் கூடாதுல்லா. அதுக்கும், பாவம் அவ, ஒத்தையில கெடந்து அல்லாடுவாளேன்னு உங்களுக்காகத்தான் வருத்தப்பட்டாவ."

நாலு பேருக்கு முன்னால் அழக்கூட வெட்கமாக இருந்தது.

அடுத்த மாசமே காலி செய்துவிட்டார்கள். என் மகள் கல்யாணமும் நல்லபடியாக முடிந்தது. இப்போது குடிவருகிறவர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நல்லதோ கெட்டதோ எல்லாம் இங்கேயே வைத்துக்கொள்ளுங்கள் என்று. அவர்கள் என்னை ஒரு மாதிரி பார்க்கிறார்கள். அந்த வார்த்தையைக் கேட்டிருக்க வேண்டியவர், என் வீட்டுச் சுவர் காயட்டும் என்று ஏழு நாள் கார் ஷெட்டில் காத்துக் கிடந்தார் என்பதை நான் யாரிடம் போய்ச் சொல்ல?