முதல் சவாரி

கப்பலேறிய ஒரு பிரெஞ்சு அதிகாரி விற்றுவிட்டுப் போன பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கு, வீட்டு முற்றத்தில் நானே கிளட்ச் மாற்றினேன். 'நானே' என்பது பாதிப் பொய். என்னோடு காருக்கு அடியில் படுத்து, கியர்பாக்ஸைத் தாங்கிப் பிடித்தவள் என் மனைவி. ஓடினால் முதல் சவாரி அவளோடுதான், கடற்கரைக்கு என்று வாக்குக் கொடுத்திருந்தேன்.

கார் உறுமியது. அவள் புடவை மாற்ற உள்ளே ஓடினாள். எதிர்வீட்டு வக்கீல் வந்தார்.

"மொசியே, தனியாளாவா மாத்தினீங்க?"

"பின்னே?" என்றேன்.

வக்கீல் ஏறி உட்கார்ந்துவிட்டார். இருப்பதோ இரண்டே இருக்கை. பாராட்டுகிற மனுஷரை இறக்கிவிடும் துணிச்சல் எனக்கேது? கிளம்பிவிட்டேன்.

திரும்பியபோது அவள் பட்டுடுத்திப் பூ வைத்து வாசலில் நின்றாள். நகக்கண்ணில் கிரீஸ் போகவில்லை.

"உங்க வூட்டுக்காரர் கெட்டிக்காரரும்மா!" என்றார் வக்கீல்.

"ஆமாங்க" என்று சிரித்தாள்.

பிறகு எத்தனையோ தடவை அவளைக் கடற்கரைக்கு அழைத்துப் போயிருக்கிறேன். முதல் சவாரியாக மட்டும் அழைத்துப்போக முடியவில்லை.