ஜெபத்தில் சொன்ன இரகசியம்

எங்கள் சபைப் பெண்கள் வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீடு மாற்றி வீடு ஜெபக்கூட்டம் வைப்போம். அன்றைக்குச் சிட்லபாக்கத்தில் எங்கள் வீடு. பாட்டுப் பாடி முடித்து, ஒவ்வொருவராகச் சத்தமாக ஜெபிப்பது வழக்கம். என் படிப்பு பத்தாவதோடு நின்றுவிட்டது. ஆனாலும் ஜெபத்தில் எனக்கு வார்த்தை தடையில்லாமல் வரும். "நீங்க ஜெபிச்சா எங்களுக்கு அழுகை வந்துடுது" என்பார்கள். அதைக் கேட்க எனக்குப் பிடிக்கும்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் அஸ்தினாபுரத்து அக்கா. கூடப் பிறந்தவர் இல்லை. என் பிள்ளைக்கு டைஃபாய்டு வந்தபோது ஆஸ்பத்திரியில் என்னோடு கிடந்தவர். இந்தக் கூட்டம் நடந்த சமயம் அவர் மகள் தாய் வீட்டுக்கு வந்திருந்தாள். உடம்பு சரியில்லை, ரெஸ்ட்டுக்கு வந்திருக்கிறாள் என்று எல்லாரிடமும் சொல்லியிருந்தார். என்னிடம் மட்டும் உண்மையைச் சொன்னார். மகள் புருஷனோடு ஒத்துவராமல் வந்துவிட்டாள். "யார்கிட்டயும் மூச்சு விடாத. நீ தனியா ஜெபம் பண்ணிக்கோ."

என் முறை வந்தது. கண்ணை மூடினேன். நாட்டுக்காக, சபைப் போதகர் ஐயருக்காக, நோயாளிகளுக்காக ஜெபித்துக்கொண்டே வந்து, "புருஷனை விட்டுப் பிரிஞ்சு வந்து கண்ணீர் வடிக்கிற எங்க அக்கா மகளை நினைத்தருளும் ஆண்டவரே, அந்தக் குடும்பத்தைச் சேர்த்து வையும்" என்றேன். யாரோ விசும்பினார்கள். எல்லாரும் ஆமென் சொன்னார்கள். எனக்குப் பக்கத்தில் மட்டும் சத்தம் இல்லை.

கண்ணைத் திறந்தபோது அக்கா பைபிளைப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தார். டீ கொடுத்தேன். குடிக்காமல் கீழே வைத்துவிட்டுக் கிளம்பினார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் பெண்கள் அக்கா மகளைச் சூழ்ந்துகொண்டார்கள். ஒருவரும் தப்பாகப் பேசவில்லை. "கவலைப்படாதம்மா, நாங்க எல்லாரும் உனக்காக ஜெபிக்கிறோம்" என்று கையைப் பிடித்துக்கொண்டார்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். அதற்குப் பிறகு கோயிலுக்கு வரவில்லை. கொஞ்ச நாளில் அக்காவும் தாம்பரத்தில் வேறு சபைக்குப் போக ஆரம்பித்தார்.

நான் அழாத நாளில்லை. "வாய் தவறி வந்துடுச்சு ஆண்டவரே, மன்னியும்" என்று அடுப்படியில் நின்றுகூடக் கேட்டிருக்கிறேன். ஐயரிடமும் போய்ச் சொன்னேன். "ஆண்டவர் மன்னிச்சிட்டாரும்மா. நீங்கதான் அதை விடமாட்டேங்கிறீங்க" என்றார். அவர் சொன்னதை நம்பினேன். ஆனாலும் கூட்டத்தில் என் முறை வந்தால் தொண்டை கட்டியிருக்கிறது என்று சொல்லிவிடுவேன்.

"உனக்கு வெள்ளிக்கிழமை மட்டும்தான் தொண்டை கட்டுமா? என்னைத் திட்டுறப்ப நல்லாத்தானே வருது" என்று என் வீட்டுக்காரர் கேலி செய்தார்.

ஒரு நாள் துணி மடித்துக்கொண்டே அதே ஜெபத்தைச் சொன்னேன். 'வாய் தவறி' என்ற இடத்தில் நின்றுவிட்டது. என் வாய் தவறவே இல்லை. அன்றைக்கு அந்த வார்த்தை வருவதற்கு முன்னாலேயே என்ன சொல்லப்போகிறேன் என்று எனக்குத் தெரியும். மற்றவர்களுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும் என்று காட்டிக்கொள்ள ஆசையாக இருந்தது. அவர்கள் அழுவார்கள் என்றும் தெரியும். இத்தனை நாளும் ஒரு சின்னத் தப்புக்கு மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, செய்த தப்பை முந்தானையில் முடிந்து வைத்திருந்தேன். அதுவும் ஆண்டவரிடமே மறைத்து.

மடித்த துணியை அப்படியே போட்டுவிட்டு அஸ்தினாபுரத்துக்குப் போனேன். கதவைத் திறந்த அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"உள்ள வா. வெளிய நின்னு பேசினா இன்னொரு கூட்டம் கூடிடும்."

உட்காரவில்லை. நின்றபடியே சொன்னேன். "அக்கா, வாய் தவறிச் சொல்லல. தெரிஞ்சேதான் சொன்னேன். பெருமைக்குச் சொன்னேன்."

"அது எனக்கு அன்னைக்கே தெரியும். உன் குரலே மாறிச்சு."

"ஆண்டவர்கிட்ட தினமும் மன்னிப்புக் கேட்கிறேன்க்கா."

"அவரு மன்னிச்சிருப்பாரு. அவருக்கு என்ன, பஸ் ஸ்டாப்ல நிக்கணுமா, நாலு பேருக்குப் பதில் சொல்லணுமா?"

உள்ளேயிருந்து மகள் வந்தாள். முகம் இளைத்திருந்தது. "நீங்க சொன்னது பொய் இல்லையே ஆன்ட்டி. ஆனா அதை நான்தானே சொல்லணும்? எப்போ சொல்லணும்னு யோசிச்சுட்டு இருந்தேன். அதுக்குள்ள நீங்க ஆண்டவர்கிட்ட சொல்லிட்டீங்க" என்றாள்.

கிளம்பினேன். எங்களில் யாரும் ஒரு வீட்டுக்குப் போனால் ஜெபிக்காமல் எழுந்து வருவதில்லை. அவள்தான், "ஜெபம் பண்ணாமப் போறீங்க?" என்று கேட்டாள்.

"மனசுக்குள்ள பண்ணச் சொல்லுடி" என்றார் அக்கா.

மூன்று பேரும் கண்ணை மூடி உட்கார்ந்தோம். மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. என் குரல் எனக்கே கேட்காமல் நான் செய்த ஜெபம் அதற்கு முன் இல்லை. சாக்குப்போக்கு இல்லாமல், செய்ததைச் செய்தபடி வைத்தேன். ஆண்டவர் அதை எடுத்துக்கொண்டார் என்று அந்த இடத்திலேயே எனக்குத் தெரிந்தது.

வாசல் வரைக்கும் அக்கா வந்தார். "கேட்டை நல்லாச் சாத்திட்டுப் போ, மாடு உள்ள வந்துடும்" என்றார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை. அவரைச் சொல்ல வையும் என்று ஆண்டவரிடம் கேட்பதை நானும் விட்டுவிட்டேன்.