ஒரு விரல்கடை வினிகர்

முடிச்சூரில் ஒரு மெட்ரிக் பள்ளியில் நான் ஒன்பதாம் வகுப்புக்கு வேதியியல் எடுக்கிறேன். பதினொன்றாம் வகுப்பு எடுக்க வேண்டும் என்பது என் ஆசை. ஆசை என்ன ஆசை, வெறி. ஒரு வருடம் அறிவியல் கண்காட்சியில் யார் நன்றாகச் செய்கிறார்களோ அவருக்கே அந்த வகுப்பு என்று பிரின்சிபால் சொல்லிவிட்டார்.

அஸ்தினாபுரத்தில் என் வீட்டுச் சமையலறையில் நாலு சாயங்காலம் மெனக்கெட்டேன். ஐந்து தண்ணீர் பாட்டில், ஒவ்வொன்றிலும் பாதிவரை வினிகர். ஐந்து பலூன்களுக்குள் ஆப்பச் சோடா. முதல் பலூனில் ஒரு ஸ்பூன், அடுத்ததில் இரண்டு, இப்படியே ஐந்து வரை. பலூனைப் பாட்டில் வாயில் மாட்டி நிமிர்த்தினால் சோடா வினிகரில் விழும், நுரைத்துக்கொண்டு வாயு கிளம்பும், பலூன் உப்பும். வெப்பமும் அழுத்தமும் மாறாதவரை, வாயு எத்தனை மடங்கோ அது அடைக்கும் இடமும் அத்தனை மடங்கு. பாடப் புத்தகத்தில் அது ஒரே ஒரு வரி. ஐந்து பலூன்களும் சின்னதிலிருந்து பெரியதாக வரிசைகட்டி நின்றபோது எனக்கு நானே கைதட்டிக்கொண்டேன்.

நான் செய்த தப்பு, அதை எழுதி வைத்த நோட்டைச் சரிபார்க்கச் சொல்லி சீனியர் மிஸ்ஸிடம் கொடுத்தது. என்னைவிடப் பத்து வருடம் சர்வீஸ் கூடுதல். அவரும் ஒன்பதாம் வகுப்புதான், அவருக்கும் பதினொன்றின் மேல்தான் கண். நோட்டு இரண்டு நாள் கழித்துத் திரும்பி வந்தது. கண்காட்சிப் பட்டியலில் என் பலூன்களுக்கு எதிரே அவர் பெயர் இருந்தது.

“நீங்க சின்னவங்க மிஸ், உங்களுக்கு அடுத்த வருஷம் இருக்கு. இதுக்குப் போய் ஃபீல் பண்ணாதீங்க,” என்றார், டிபன் பாக்ஸை மூடிக்கொண்டே.

உடம்பெல்லாம் எரிந்தது. பிரின்சிபாலிடம் போய் மூக்கைச் சிந்திக்கொண்டு நிற்பது எனக்கு வராது. கறுவிக்கொண்டு காத்திருந்தேன்.

கண்காட்சி அன்று காலை எட்டு மணிக்கு அவர் மேஜையை எட்டிப் பார்த்தேன். சோடாவை நோட்டில் உள்ளபடியே அளந்து பலூன்களில் போட்டிருந்தார். வினிகர் எவ்வளவு என்று மட்டும் நான் நோட்டில் எழுத மறந்திருந்தேன். அவர் பாட்டிலுக்கு ஒரு விரல்கடைதான் ஊற்றியிருந்தார். அது இரண்டு ஸ்பூன் சோடாவுக்குத்தான் காணும். அதற்கு மேல் எவ்வளவு கொட்டினாலும் வாயு கூடாது. இன்னும் கொஞ்சம் ஊற்றுங்கள் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். “ஆல் தி பெஸ்ட் மிஸ்,” என்று சொல்லிவிட்டு நகர்ந்தேன்.

பதினொரு மணிக்குப் பெற்றோர்கள் சூழ பிரின்சிபால் வந்தார். சீனியர் மிஸ் ஒவ்வொரு பலூனாக நிமிர்த்தினார். முதலாவது சின்னதாக உப்பியது. இரண்டாவது அதைவிடப் பெரியது. மூன்றாவதும் நாலாவதும் ஐந்தாவதும் இரண்டாவதின் அளவோடு நின்றுவிட்டன.

“ஏன் மிஸ், அஞ்சு ஸ்பூன் போட்டதும் ரெண்டு ஸ்பூன் போட்டதும் ஒரே சைஸ்ல இருக்கு?” என்றார் பிரின்சிபால்.

சீனியர் மிஸ் பாட்டிலைக் குலுக்கினார், பலூனைத் தட்டினார். “பலூன் குவாலிட்டி சரியில்ல மேடம்.”

நான் முன்னால் வந்தேன். “பலூன் நல்ல பலூன்தான் மேடம். வினிகர் பத்தல. ரெண்டு ஸ்பூனுக்கு மேல போட்ட சோடா எல்லாம் வீண்.”

அத்தனை பேர் முன்னால் சீனியர் மிஸ்ஸின் முகம் சுண்டிப்போனது. நான் கண் எடுக்காமல் பார்த்தேன். அவ்வளவு ஆனந்தமாக இருந்தது.

பிரின்சிபால் என் பக்கம் திரும்பினார். “உங்களுக்கு இது எப்பத் தெரியும்?”

“காலைலயே தெரியும் மேடம். இது என்னோட எக்ஸ்பெரிமென்ட்தான்.” பெருமையாகத்தான் சொன்னேன்.

“உங்களோடதுன்னு லிஸ்ட் போட்ட அன்னிக்கே வந்து சொல்லியிருந்தா கிளாஸை உங்களுக்கே கொடுத்திருப்பேன்,” என்றார். “அவங்களுக்குத் தெரியல. நீங்க தெரிஞ்சும் வாயத் திறக்கல. பசங்களை நான் யாரை நம்பி விடறது?”

பதினொன்றாம் வகுப்பு, வண்டலூரிலிருந்து புதிதாக வந்து சேர்ந்த ஒருவருக்குப் போனது. அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது. ஸ்டாஃப் ரூமில் எனக்கு எதிரே உட்கார்ந்து சீனியர் மிஸ்ஸும் ஒன்பதாம் வகுப்பு நோட்டுகளையே திருத்துவதைப் பார்த்தால் கொஞ்சம் ஆறுகிறது.