பித்தளைச் சாட்சி

என் வீட்டுக்காரர் யாரையும் நம்ப மாட்டார். ஒரு மருத்துவர் எழுதிக் கொடுத்த மாத்திரையை இன்னொரு மருத்துவரிடம் காட்டிக் கேட்பார். அவரும் சரி என்று சொல்லிவிட்டால், இரண்டு பேரும் கூட்டு என்பார். கல்யாணமான முதல் வாரம் நான் பூட்டிய கதவை அவர் போய் ஒருமுறை இழுத்துப் பார்த்தார். ஜாக்கிரதையான மனுஷர் என்று உள்ளுக்குள் மெச்சிக்கொண்டேன். இருபத்தாறு வருஷமாக இன்னும் இழுத்துப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்.

வீட்டின் முன்னறைதான் எங்கள் கடைசல் பட்டறை. கிண்ணம், மூடி போட்ட டப்பா, படிக்கட்டுக் குமிழ் எல்லாம் அவர் லேத்தில் கடைவார். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மெருகு ஏற்றுவது என் வேலை. லேத் மூடிப்போன ஒரு தொழிற்சாலையிலிருந்து வந்தது. அதில் சுற்றும் தண்டை ஸ்பிண்டில் என்போம். அதன் நுனியில் மரை இருக்கும். மரத்தைக் கவ்விப் பிடிக்கிற கருவிக்குச் சக்கு என்று பெயர், அது அந்த மரையில்தான் திருகி ஏற வேண்டும். எங்கள் லேத்தின் மரை ஒரு தனி ரகம். கடையில் விற்கிற எந்தச் சக்கும் அதில் நேராக ஏறாது. நடுவில் ஒரு அடாப்டர் வேண்டும், உள்பக்கம் நம் ஸ்பிண்டிலுக்கும் வெளிப்பக்கம் சக்குக்கும் மரை வெட்டிய வளையம். மரை மாறிப்போனால் ஓடுகிற வேகத்தில் சக்கு கழன்று ஆளை அடிக்கும், இல்லையென்றால் ஸ்பிண்டிலையே கீறிக் கெடுத்துவிடும். ஸ்பிண்டில் கெட்டால் பட்டறையை மூட வேண்டியதுதான். ஆகவே இந்த ஒரு விஷயத்தில் அவருடைய சந்தேகத்தை நான் குறை சொல்ல மாட்டேன்.

லேத்தைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போக முடியாது. அதனால் பதினோரு வருஷத்துக்கு முன்னால் பித்தளையில் ஸ்பிண்டில் நுனியைப் போலவே ஒரு துண்டு செய்துகொண்டார். அதற்குச் சாட்சி என்று பெயர். சாட்சியில் சரியாக ஏறாத எதுவும் ஸ்பிண்டிலைத் தொடக் கூடாது என்பது வீட்டுச் சட்டம். மரையில் தூசி ஒட்டியிருந்தால் அளவு பொய் சொல்லுமாம். ஒவ்வொரு தடவையும் திருகுவதற்கு முன்னால் உப்புத்தாளால் பளபளவென்று துடைப்பார், கழற்றிய பிறகும் துடைப்பார். எங்கள் மகளைக்கூட அவர் அவ்வளவு பொறுப்பாய்க் குளிப்பாட்டியதில்லை.

ஒரு புதுச் சக்கு வாங்கி நாலு வருஷமாகிறது, அதற்கு எந்த அடாப்டரும் அவருக்குப் பிடிக்கவில்லை, பழைய சக்கை வைத்தே ஓட்டினார். சாட்சியில் ஏற்றி இப்படியும் அப்படியும் ஆட்டிப் பார்ப்பார். "லூசு. மரையை ஆழமா வெட்டி ஏமாத்துறானுங்க" என்று திருப்பிக் கொடுத்துவிடுவார். ஆறு அடாப்டர் அப்படிப் போனது. ஆறும் ஒரே கடை, கடைத்தெரு முனையில் இருக்கும் தொழில் கருவிக் கடை. உளி, ரம்பம், சக்கு என்று எல்லாம் விற்கும் அந்தக் கடைக்காரர் ஒரு வார்த்தை பேசாமல் வாங்கி வைத்துக்கொள்வார். அந்தப் பேசாமையும் இவருக்குச் சந்தேகம்தான். "தப்பு செய்யாதவன் ஏன் வாயைத் திறக்க மாட்டேங்கிறான்?"

இதற்கு நடுவில்தான் எங்கள் மகளும் அந்தக் கடைக்காரரின் மகனும் ஒருவரை ஒருவர் விரும்பினார்கள். இவர் நாலு நாள் அந்தப் பையனுக்குப் பின்னாலேயே சைக்கிளில் போனார். எங்கே சாப்பிடுகிறான், யாரிடம் சிரிக்கிறான் என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார். ஒன்றும் கிடைக்கவில்லை. ஏமாற்றத்தோடுதான் சரி என்றார். தேதி குறிக்கிற நாளும் பேசியாகிவிட்டது.

அந்தச் சந்தோஷத்தில் கடைக்காரர் எங்கள் லேத்துக்கென்றே அளவு கொடுத்து ஒரு அடாப்டர் செய்வித்து, மகனிடம் கொடுத்தனுப்பினார். நல்ல எஃகு. இவர் சாட்சியைத் துடைத்து ஏற்றிப் பார்த்தார். ஆடியது. முகம் கறுத்துப்போனது. அப்படியே எடுத்துக்கொண்டு கடைக்குப் போனார், நானும் பின்னாலேயே ஓடினேன். வாடிக்கையாளர்கள் ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள்.

"சம்பந்தியாகப் போறவனுக்கே லூசு அடாப்டரைத் தள்ளி விடுறீங்களே. என் பொண்ணை எப்படி நம்பி அனுப்புறது?" என்றார்.

கடைக்காரர் கையிலிருந்த பொட்டலத்தைக் கட்டி முடித்தார். "அதை நீங்களே வச்சுக்கோங்க. பொண்ணையும்தான்" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் அடாப்டரை மூலையில் எறிந்தார், கல்யாணம் இல்லை என்றார். மகள் அழவில்லை. வேலைக்குப் போகும் பையை எடுத்து வைத்தபடி, "அவரை வேணாம்னு சொல்ல அப்பாகிட்ட ஒரு காரணம்கூட இல்ல, அதான் ஒண்ணு கண்டுபிடிச்சிருக்காரு" என்று என்னிடம் சொன்னாள்.

மறுநாள் காலையில் இவர் மரவாடிக்குக் கட்டை பார்க்கப் போய்விட்டார். நான் ஒரு டப்பாவின் மூடியைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். மூடி இறுக்கமாக இருந்தால் அதன் விளிம்பில் உப்புத்தாளை ரெண்டு இழுப்பு இழுப்பேன், பதமாக உட்காரும். நாலு இழுத்தால் போச்சு, லொடலொடவென்று ஆடும். அன்றைக்குக் கோபத்தில் நாலு இழுத்துவிட்டேன். மூடி ஆடியது. ஆடுகிற மூடியைக் கையில் வைத்துக்கொண்டு சாட்சியைப் பார்த்தேன். அதன் பக்கத்தில் தேய்ந்துபோன உப்புத்தாள் துண்டுகள் ஒரு குவியலாகக் கிடந்தன.

மூலையில் கிடந்த அடாப்டரைத் துடைத்தேன். ஸ்பிண்டில் மரையில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டேன். முதலில் பின்பக்கமாகச் சுற்றினேன், டக்கென்று மரையோடு மரை சேர்ந்தது. பிறகு முன்பக்கமாகச் சுற்றினேன். பிடிக்காமல், ஆடாமல், அடிவரைக்கும் போய் உட்கார்ந்தது. இரண்டுக்கும் நடுவில் ஒரு காகிதத்தை நுழைத்துப் பார்த்தேன், நுழையவில்லை. அதன்மேல் புதுச் சக்கை ஏற்றி, ஒரு கட்டையைக் கவ்வ வைத்து மோட்டாரைப் போட்டேன். கட்டை துளி நடுக்கமில்லாமல் சுற்றியது.

மரவாடியிலிருந்து திரும்பி வாசலில் வந்து நின்றவர் அதைப் பார்த்தார். "இது எந்த அடாப்டர்?"

"நேத்து எறிஞ்சீங்களே, அதேதான்."

"பொய். மாத்திட்டே. கடைக்காரன் வேற ஒண்ணு கொடுத்துவிட்டானா?"

இருபத்தாறு வருஷத்தில் என்மேல் எத்தனையோ சந்தேகம் வந்திருக்கிறது. துடைத்துவிட்டுப் போயிருக்கிறேன். அன்றைக்கு முடியவில்லை. மோட்டாரை நிறுத்தி, சக்கையும் அடாப்டரையும் கழற்றி, அளக்கிற வெர்னியரை அவர் கையில் வைத்தேன். "என்னை நம்ப வேணாம். ஸ்பிண்டிலையும் சாட்சியையும் அளந்து பாருங்க."

ஸ்பிண்டிலை அளந்தார். சாட்சியை அளந்தார். மறுபடி அளந்தார். வெர்னியரைச் சந்தேகப்பட்டு இன்னொரு வெர்னியரைத் தேடி எடுத்து அளந்தார். சாட்சி முக்கால் மில்லி குறைவு.

"இதை யாரு தேய்ச்சது?" என்றார்.

"நீங்கதான். பதினோரு வருஷமா."

பித்தளையில் விரலை வைத்துத் தடவிக்கொண்டே இருந்தார். பிறகு எழுந்து சட்டையை மாட்டினார். "நீயும் வா. நான் சரியாத்தான் சொன்னேனான்னு அப்புறம் எனக்கே சந்தேகம் வந்துடும்" என்றார்.

கடையில் அன்றைக்கும் ஆட்கள் நின்றிருந்தார்கள். ஆளில்லாத நேரம் பார்த்துப் பேசலாம் என்று நான் ஜாடை காட்டினேன், அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சாட்சியை மேஜைமேல் வைத்தார். "தப்பு அடாப்டர்ல இல்ல. என் அளவுதான் தேஞ்சு போயிருக்கு. நேத்து எல்லார் முன்னாலயும் சொன்னேன், அதான் இன்னைக்கும் எல்லார் முன்னாலயும் சொல்றேன்."

கடைக்காரர் அந்தத் துண்டைத் தொடவில்லை. "எனக்குத் தெரியும். நீங்க திருப்பிக் கொடுத்த ஆறையும் உங்க லேத் வந்த அதே தொழிற்சாலையில லேத் வாங்கின மத்தவங்க வாங்கிட்டுப் போனாங்க. ஒருத்தரும் திரும்பி வரல" என்றார்.

இவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "நாலு வருஷமா தெரியுமா? அப்புறம் ஏன் என்கிட்ட சொல்லல?"

"சொல்லியிருந்தா நம்பியிருப்பீங்களா?"

பையன் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்துவிட்டு அங்கேயே நின்றான். வழக்கம்போல ஏதாவது சமாளிக்கப்போகிறார், எல்லாம் கெட்டது என்று நினைத்தேன்.

"நம்பியிருக்க மாட்டேன்" என்றார் என் வீட்டுக்காரர்.

கடைக்காரர் அவரையே பார்த்தார். பிறகு மேஜைக்கு அடியிலிருந்த ஸ்டூலைக் காலால் அவர் பக்கம் தள்ளினார். "உட்காருங்க, அண்ணே. தேதி பேசலாம்."

அவர் ஸ்டூலை ஆட்டிப் பார்க்காமல் உட்கார்ந்தார்.