நாலு பத்துக்கு வந்துவிடுவாள்

குன்வோர் யாரிடமும் வழி கேட்டதில்லை. நார்வேயின் உள்நாட்டுப் பள்ளத்தாக்கு ஒன்றில் இருபத்தாறு வருடம் ஒரே பாதையில் பள்ளிப் பேருந்து ஓட்டியவளுக்கு அதற்கான அவசியமும் வரவில்லை. யாருக்கும் தொந்தரவு தரக்கூடாது என்று இருப்பவள். மாவு தீர்ந்தால் பக்கத்து வீட்டில் கேட்கமாட்டாள். பதினெட்டு கிலோமீட்டர் ஓட்டிக்கொண்டு கடைக்குப் போவாள். வண்டியில் உட்கார்ந்துவிட்டால் போனை எடுக்கமாட்டாள்.

மேற்குக் கரையில் இருக்கும் எங்கள் தீவுக்கு அவள் ரயிலிலும் பேருந்திலும்தான் வருவாள். சிக்னே பெரிய படகுத்துறைக்குப் போய் அழைத்துவருவாள். சிக்னே என் மனைவி, குன்வோரின் தங்கை.

டிசம்பர் பதினொன்றாம் தேதி காலை செவிலி என்னை அறைக்கு வெளியே அழைத்து, சிக்னே இன்று மாலையைத் தாண்டுவது கஷ்டம் என்றார். குன்வோருக்குச் சொன்னேன். காலை ரயில் போய்விட்டிருந்ததால் மகனின் காரை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். நாலு பத்துக்குச் சேரலாம் என்று போனில் வழிகாட்டும் செயலி காட்டுவதாகச் சொன்னாள். சிக்னேயிடம் சொன்னேன்.

"அக்கா ஓட்டுற வேகத்துக்கு, அது நாளைக்கு நாலு பத்தா இருக்கும்," என்றாள். சிரிக்கப் பார்த்தாள். மூச்சு இடம் கொடுக்கவில்லை.

குன்வோரின் கார் என் போனில் நீலப்புள்ளியாக நகர்ந்தது. கண்ணை மூடியபடியே சிக்னே கேட்பாள், "இப்ப எங்க?" சொல்வேன். மூன்று மணிக்குப் புள்ளி பெரிய துறைக்குப் போகாமல் குறுக்கே சின்னத் துறைப் பக்கம் திரும்பியது. செயலியின் கணக்கில் அந்த வழியில் நாற்பது நிமிடம் மிச்சமாம். மூன்று இருபதுக்கு அங்கே போய் நின்றது. படகு மூன்றரைக்கு. சரியாக வந்துவிட்டாள் என்று நினைத்தேன். நினைத்ததோடு விட்டுவிட்டேன்.

சின்னத் துறையில் படகு தானாக நிற்காது. கம்பத்தில் இருக்கும் பொத்தானை அமுக்கி மேலே விளக்கை எரியவிட வேண்டும். விளக்கு தெரியாவிட்டால் படகு நேரே போய்விடும். இது ஒருவருக்குச் சொல்லவேண்டிய விஷயமென்றே எனக்குத் தோன்றியதில்லை. செயலிக்கும் தெரியாது.

மூன்று நாற்பதுக்கும் புள்ளி நகரவில்லை. அப்போதுதான் உறைத்தது. அவளை ஆறு தடவை கூப்பிட்டேன். எடுக்கவில்லை. படகுக்காரர்களைக் கூப்பிட்டேன். தீவை நெருங்கிவிட்டோம், இனி ஆறு மணிக்குத்தான் அந்தப் பக்கம் என்றார்கள்.

நடந்ததைப் பிறகு அவளே சொன்னாள். இருட்டில் ஒரு படகின் விளக்குகள் வந்து, கடந்து போயின. அது வேறு படகு, நம்முடையது பின்னால் வரும் என்று காத்திருந்தாள். 'படகில் ஏறவும்' என்றே போன் காட்டிக்கொண்டிருந்தது. இருபதடி தள்ளி ஒரு வீட்டு ஜன்னலில் ஒருவர் காப்பி குடித்துக்கொண்டிருந்தார். போய்க் கேட்கலாமா என்று இரண்டு தடவை கார்க் கதவைத் திறந்து மூடினாள். கடைசியில் அவரே வந்தார்.

"ஏம்மா, பொத்தான அமுக்கலையா? கதவத் தட்டியிருந்தா சொல்லியிருப்பேனே."

"நீங்க காப்பி குடிச்சிட்டிருந்தீங்க," என்றாளாம்.

நாலேகாலுக்கு சிக்னே கேட்டாள், "வந்துட்டாளா?"

"படியேறிட்டிருக்கா," என்றேன்.

கட்டிலில் அக்கா உட்கார இடம் விட்டு, கையை மெல்ல நகர்த்திக்கொண்டாள். நாலு நாற்பதுக்கு அவள் மூச்சு நிற்கும்வரை அந்த இடம் அப்படியே இருந்தது. அதன் பிறகும்.

ஏழு மணிக்கு அறைக்கதவை யாரோ தட்டினார்கள். மெல்ல, இரண்டு தடவை. நான் எழுந்து போய்த் திறக்கும்வரை குன்வோர் வெளியிலேயே நின்றிருந்தாள்.